சுக்குவுக்கு ஒரு வீடு

சுவரில் முழங்கால் உயரத்துக்கு மட்டும் புதுப் பெயிண்ட் அடித்திருந்தார்கள். அதற்கு மேல் சுவர் பழைய மஞ்சளாக, மழை ஈரம் பூத்து, அங்கங்கே உப்பிக் கிடந்தது. கீழே மட்டும் பளிச்சென்று வெள்ளை. கூடத்தின் நான்கு பக்கமும் அளந்து கோடு கிழித்த மாதிரி ஒரே உயரத்தில் ஓடியது. வாசுகிக்கு ஒரு நொடி என்னவோ உறுத்தியது. அடுத்த நொடியே அவளாகவே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டாள். முன்பு குடியிருந்தவர்களும் நாய் வளர்த்திருக்கிறார்கள், நாய் சுவரைப் பிராண்டியிருக்கிறது, வீட்டுக்காரம்மா சண்டை பிடிக்காமல் பெயிண்ட் அடித்து விஷயத்தை முடித்துவிட்டாள். கைபேசியை எடுத்துத் தன் பட்டியலில், "முன்பு பிராணிகள் இருந்த வீடா?" என்ற கேள்விக்கு எதிரே டிக் போட்டாள்.

ஐந்து வாரத்தில் இது பதினைந்தாவது வீடு. கொல்கத்தாவில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு வீடு கிடைப்பதே கஷ்டம். அந்தப் பெண்ணோடு ஒரு நாயும் வருகிறது என்றால் வீட்டுக்காரர்கள் முகம் போகிற போக்கைப் பார்க்க டிக்கெட் போட்டு ஆள் சேர்க்கலாம். கஸ்பாவில் ஒருவர், வாசலை ஒட்டிப் பூஜை அறை இருக்கிறது, நாயின் மூச்சுக்காற்று சாமி மேல் படக்கூடாது என்றார். ஜோத்பூர் பார்க்கில் ஒருவர் எல்லாம் பேசி முடித்துச் சாவியைக்கூடக் கையில் எடுத்துவிட்டார். சுக்குவைப் பார்த்ததும், "நாய் என்றால் லாப்ரடார் என்று நினைத்தேன், இது தெரு நாய்தானே" என்று சாவியைத் திரும்பவும் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார். சுக்கு தெரு நாய்தான். சுக்கு நிறம், சுக்கு மாதிரியே காய்ந்து முறுக்கிய உடம்பு, பதினோரு வயது, நரைத்த மோவாய், நுனி கிழிந்த இடது காது, பின்னங்கால் ஒன்று சரியாக ஊன்றாது. வாசுகி சென்னையில் படிக்கும்போது விடுதி வாசலில் குட்டியாகக் கிடைத்தவன். அவளுக்கு வேலை கிடைத்து ஊர் மாறியபோது அவனும் ரயிலேறி வந்தான்.

இப்போது இருக்கும் அடுக்குமாடியில் கமிட்டி கூடி, வளர்ப்புப் பிராணிகள் கூடாது என்று தீர்மானம் போட்டுவிட்டது. முப்பத்தொன்றாம் தேதி வரை கெடு. இன்று இருபத்தெட்டு. அதற்குள் வீடு அமையவில்லை என்றால் சுக்கு பாராசாத் தாண்டி இருக்கும் ஒரு காப்பகத்துக்குப் போக வேண்டும். வாசுகி அங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்திருந்தாள். ஈரச் சிமெண்டுத் தரை, வரிசையாக இரும்புக் கூண்டுகள், ஆள் நடந்தால் எல்லாக் கூண்டும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்கும். திரும்பி வரும் வழியில் பஸ்ஸில் பக்கத்து சீட் அம்மாள் தண்ணீர் பாட்டில் நீட்டும் அளவுக்கு அழுதாள். சுக்குவை அங்கே விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவெடுத்துவிட்டாள். விடாமல் எப்படி என்பதுதான் தெரியவில்லை.

அதனால்தான், லேக் மார்க்கெட்டில் முறுக்கு, மிக்சர் கடை வைத்துக்கொண்டு கூடவே வீடும் பார்த்துத் தரும் சுந்தர் நேற்று போன் செய்தபோது அவளுக்கு நம்பிக்கையே வரவில்லை.

"அக்கா, டாக்குரியால ஸ்டேஷனுக்குப் பின்னாடி ஒரு மாமி வீடு இருக்கு. கீழ் போர்ஷன். உங்களுக்குன்னே வெச்ச மாதிரி."

"நாய் இருந்தாலும் பரவாயில்லன்னாங்களா?"

"இல்லக்கா. நாய் இருக்கணும்னு சொன்னாங்க."

மாமியின் பெயர் அனந்தலக்ஷ்மி. அறுபது வயது இருக்கும். கொல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்தவள், கணவர் போய் வெகுநாளாகிறது, மாடியில் தனியாக இருக்கிறாள். வாசலிலேயே நின்று வரவேற்றாள். எந்த ஊர், என்ன ஆட்கள், வீட்டில் கவுச்சி சமைப்பாயா என்று கேட்காத முதல் தமிழ் மாமியை வாசுகி அன்றைக்குத்தான் பார்த்தாள். மாமி அவள் முகத்தைக்கூடச் சரியாகப் பார்க்கவில்லை. சேலையை ஒதுக்கிக்கொண்டு சுக்குவுக்கு நேரே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டாள்.

"வாடா, ஷோனா," என்று வங்காளிகள் குழந்தையைக் கொஞ்சுகிற மாதிரி கூப்பிட்டாள். "பேர் என்னம்மா இதுக்கு?"

"சுக்கு, மாமி."

"சுக்கு," என்று மாமி ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். "கூப்பிட்டா வருமா?"

"எங்க இருந்தாலும் வந்துருவான்."

"யார் கூப்பிட்டாலுமா?"

"இல்ல மாமி. நான் கூப்பிட்டாதான்."

"பாலோ," என்றாள் மாமி. வங்காளத்தில் நல்லது என்று அர்த்தம். "ரொம்ப பாலோ."

சுக்கு வாசுகியின் காலுக்குப் பின்னால் போய் ஒண்டிக்கொண்டான். வால் வயிற்றோடு ஒட்டியிருந்தது. புது இடம் என்றால் அவன் அப்படித்தான் என்று வாசுகி சமாதானம் சொன்னாள். மாமியும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினாள்.

வீடு பார்ப்பதில் வாசுகிக்கு ஒரு முறை உண்டு. நாயை வைத்திருப்பவர்கள் கண்ணால் மட்டும் வீடு பார்த்தால் ஏமாந்துபோவார்கள் என்பது அவள் கட்சி. ஒரு மணி நேரம் அந்த வீட்டில் நாயோடு தனியாக இருக்க வேண்டும், கழுத்துப் பட்டையைக் கழற்றி அதை அதன் போக்கில் விட வேண்டும், எங்கே போய்ப் படுக்கிறது என்று பார்க்க வேண்டும். இதைக் கேட்டதும் பதினான்கு வீட்டுக்காரர்களும் அவளை ஏற இறங்கப் பார்த்தார்கள். மாமிக்கு மட்டும் முகம் மலர்ந்தது.

"தாராளமா இரு. நான் கரியாஹாட் வரைக்கும் போய்ப் பூ வாங்கிண்டு வந்துடறேன். கேட்டை வெளியில பூட்டிண்டு போறேன். ஸ்டேஷன் பக்கமோன்னோ, கண்டவா உள்ள வந்துடுவா. ஆச்சா?"

கொலாப்சிபிள் கேட் கிரீச்சிட்டு மூடிக்கொண்டது. பூட்டு விழுந்தது. வெளியே ஓடிவிட முடியாது, நல்லது என்று வாசுகி இன்னொரு டிக் போட்டாள். சந்தில் வரும்போதே ஒன்று கவனித்திருந்தாள். அந்தச் சந்தில் ஒரு தெரு நாய் இல்லை, ஒரு பூனை இல்லை. கொல்கத்தாவில் ஒவ்வொரு சந்துக்கும் அதற்கென்று நான்கைந்து நாய்கள் இருக்கும், புது நாய் வந்தால் கூட்டமாகச் சண்டைக்கு வரும். இங்கே அந்தத் தொல்லையும் இல்லை. அதற்கும் டிக் போட்டாயிற்று.

பையிலிருந்து சுக்குவின் பழைய துணியை எடுத்தாள். அவன் மூன்று வருஷமாகப் படுத்துப் படுத்து நைந்துபோன பருத்திப் போர்வையின் பாதி. பிராணி வளர்ப்பவர்களின் வாட்ஸாப் குழுவில் கல்பனா என்ற பெண் சொல்லிக்கொடுத்த வித்தை இது. புது வீட்டின் சுவர், நிலை, மூலை எல்லாவற்றிலும் இந்தத் துணியைத் தேய்த்துவிட்டால், அந்த இடத்தில் தன் வாசனையே இருப்பதாக நாய் நினைத்துக்கொள்ளும், சீக்கிரம் ஒட்டிக்கொள்ளும். கேட்டுக்கு வெளியே செருப்பு மாட்டிக்கொண்டிருந்த மாமி அதைப் பார்த்துவிட்டாள்.

"பின் ரூமை விட்டுடாதே. மூலையெல்லாம் நன்னா அழுத்தித் தேய்."

மூன்று அறைகள் ரயில்பெட்டி மாதிரி ஒன்றன் பின் ஒன்றாக இருந்தன. தரை பழைய சிவப்புச் சிமெண்டு, தேய்ந்து சொரசொரத்துப் போனது. சுக்குவின் கால் வழுக்காது. வாசுகி ஒவ்வொரு நிலையிலும் துணியைத் தேய்த்துக்கொண்டே போனாள். இரண்டாவது அறையில் புதுப் பெயிண்ட் இடுப்பு உயரம் வரை இருந்தது. அவ்வளவு உயரத்துக்கு எட்டிப் பிராண்ட வேண்டுமென்றால் பெரிய ஜாதி நாயாக இருந்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். மூன்றாவது அறையில் வலது கைப் பக்கச் சுவர் மட்டும் தரையிலிருந்து கூரை வரை முழுதாக வெள்ளையாக இருந்தது. இந்த ஒரு சுவரையாவது ஒழுங்காக அடித்திருக்கிறார்களே என்று அவள் சந்தோஷப்பட்டதை நினைத்தால் பாவமாகத்தான் இருக்கிறது. அந்த அறைக் கதவுக்குத் தாழ்ப்பாள் வெளிப்பக்கம் இருந்தது. விருந்தாளி வந்தால் சுக்குவை உள்ளே விட்டுச் சாத்திக்கொள்ளலாம்.

அறைக்குள் ஒரு வாசனை இருந்தது. மழையில் நனைந்து வந்த நாயின் வாசனை. கையில் இருந்த துணியை முகர்ந்து பார்த்தாள், அதில் இல்லை. மூலையில் துணியை அழுத்தித் தேய்த்தபோது சுவர் லேசாகச் சூடாக இருந்தது மாதிரி பட்டது. மேற்குப் பார்த்த சுவராக இருக்கும்.

அடுத்தது கூப்பிடும் சோதனை. ஒவ்வோர் அறையிலிருந்தும் அவனைக் கூப்பிட வேண்டும், கால் முடியாத நாய் நிலைப்படிகளைத் தாண்டி வருகிறதா என்று பார்க்க வேண்டும். "சுக்கு, வா," என்று இரண்டாவது அறையிலிருந்து கூப்பிட்டாள். வந்தான். மூன்றாவது அறையிலிருந்து கூப்பிட்டபோது நிலைப்படிக்கு வெளியே நின்றுவிட்டான். அவள் கெஞ்சிக் கூப்பிட்டாள், அதட்டிக் கூப்பிட்டாள், பாட்டு மாதிரி இழுத்துக் கூப்பிட்டாள், பிஸ்கட்டைக் காட்டிக் கூப்பிட்டாள். பத்துப் பன்னிரண்டு தடவை அவன் பெயர் அந்த அறைச் சுவர்களில் பட்டுத் திரும்பியது. கடைசியில் வயிற்றைத் தரையோடு தேய்த்துக்கொண்டு ஊர்ந்து வந்தான். பிஸ்கட்டைத் தொடவில்லை. அவள் பாதத்தில் ஒருமுறை நக்கிவிட்டு வந்த வழியே கூடத்துக்குப் போய்விட்டான். வாசுகிக்கு மனசு கேட்கவில்லை. இரண்டு நாளில் பழகிவிடுவான், கூண்டைவிட இது ஆயிரம் மடங்கு மேல் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

கூடத்தில் ஒரு மோடா, மூங்கிலில் பின்னிய முக்காலி, கிடந்தது. அதில் உட்கார்ந்து பட்டியலில் மிச்சம் இருந்த கேள்விகளை நிரப்ப ஆரம்பித்தாள். மழை பிடித்துக்கொண்டது. ஐந்தரை மணிக்கே ஏழு மணி மாதிரி இருட்டிக்கொண்டு வந்தது. பின்பக்கம் லோக்கல் ரயில் ஒன்று போக, ஜன்னல் கண்ணாடி கொஞ்ச நேரம் நடுங்கிவிட்டு அடங்கியது. அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் அவளுக்கு அது கேட்டது. பின் அறையில் நகம் தரையில் படும் ஒலி. டிக், டிக், டிக், டிக். நிதானமாக, சுவரோரமாக, அறையைச் சுற்றி.

வாசுகிக்கு உதட்டில் சிரிப்பு வந்தது. பயம் தெளிந்துவிட்டதா, துரை இப்போதுதான் வீட்டைச் சுற்றிப் பார்க்கிறார். அவள் காதைக் கொடுத்துக் கேட்டாள். சுக்குவின் நடையில் ஓர் இடறல் உண்டு. மூன்று டிக், பிறகு ஒரு சின்ன இடைவெளி, நொண்டிக் கால் தரையில் இழுபடும் சத்தம். பதினோரு வருஷம் கேட்ட நடை. இப்போது கேட்பதில் அந்த இடறல் இல்லை. நான்கு காலும் சமமாக விழுந்தன. இந்தச் சொரசொரப்பான தரை அவன் காலுக்கு இவ்வளவு ஒத்துக்கொள்ளும் என்று அவள் நினைக்கவே இல்லை. "தரை கால்களுக்கு ஏற்றதா?" என்ற கேள்விக்கு டிக் போட்டாள்.

டிக் போட்ட விரல் கைபேசியிலேயே நின்றுவிட்டது.

கணுக்காலில் ஏதோ ஈரமாகப் பட்டது. குனிந்து பார்த்தாள்.

மோடாவுக்கு அடியில் சுக்கு இருந்தான். உடம்பை எவ்வளவு சுருட்ட முடியுமோ அவ்வளவு சுருட்டி, மூக்கை அவள் காலில் அழுத்திக்கொண்டு, நடுங்கிக்கொண்டிருந்தான்.

பின் அறையில் நடை நிற்கவில்லை. டிக், டிக், டிக், டிக்.

பெருச்சாளி என்று நினைத்தாள். கொல்கத்தாப் பெருச்சாளிகள் பூனையையே விரட்டும் என்பார்கள். மேல் வீட்டுக் குழாயில் சொட்டும் தண்ணீர் என்று நினைத்தாள். நினைத்துக்கொண்டே மூச்சை அடக்கிக் கேட்டாள். நடை நின்றது. அவள் கேட்பது தெரிந்து நின்ற மாதிரி நின்றது. மழைச் சத்தம் மட்டும் கொஞ்ச நேரம். பிறகு மறுபடி ஆரம்பித்தது. இந்த முறை மூன்று டிக், ஓர் இடைவெளி. இடைவெளி கொஞ்சம் அதிகமாகிவிட்டது. நின்றது. மறுபடி மூன்று டிக், இடைவெளி, தரையில் ஓர் இழுப்பு. இழுப்பு சரியில்லை. நின்றது. மறுபடி. மறுபடி. ஐந்தாவது தடவையில் அது அச்சு அசலாகச் சுக்குவின் நடையாக இருந்தது.

வாசுகி மாமியின் எண்ணைத் தேடிப் போட்டாள். மறுமுனையில் மணி அடித்தது. மேலேயும் மணி அடித்தது. கூரைக்கு மேல், அவள் தலைக்கு நேர் மேலே. யாரோ நாற்காலியை நகர்த்தும் சத்தம் கேட்டது. இரண்டு அடி நடக்கும் சத்தம். மணி பாதியில் அறுந்தது.

மாமி கரியாஹாட்டுக்குப் போகவே இல்லை.

சுந்தருக்குப் போட்டாள். கடை இரைச்சலுக்கு நடுவே எடுத்தான்.

"சுந்தர், இந்த வீட்ல மாமி நாய் ஏதாவது வளர்க்கறாங்களா?"

"மாமி வளக்கலக்கா. முன்னாடி ஒரு பெங்காலி ஜோடி இருந்தாங்க. அவங்கதான் ஒண்ணு வெச்சிருந்தாங்க, வெள்ளையா, குட்டையா, புசுபுசுன்னு. மார்ச்ல காலி பண்ணினப்ப நான்தான் வண்டி பிடிச்சு ஏத்திவிட்டேன். அந்தம்மா மடியிலயே வெச்சுட்டுப் போனாங்க."

"அப்ப இங்க நாய் கிடையாது."

"கிடையாது." கொஞ்சம் தயங்கினான். "ஆனா அக்கா, போன வாரம் மாமியைப் பாக்க வந்தப்ப அதே வெள்ளை நாய் கேட்டுக்குள்ள நின்னுச்சு. அவங்க திரும்பி வந்துட்டாங்களான்னு கேட்டேன். மாமி சிரிச்சாங்க. ஏன்க்கா?"

"கேட் வெளியில பூட்டியிருக்கு. நீங்க உடனே வாங்க."

"கடையில ஆள் இல்லக்கா. ஒரு அரை மணி..."

கரண்ட் போனது. மின்விசிறி கடைசியாக ஒரு சுற்றுச் சுற்றி நின்றது. சுந்தர் இன்னும் ஏதோ பேசிக்கொண்டிருந்தான், அவள் காதில் விழவில்லை. கைபேசியின் வெளிச்சத்தைத் தட்டிவிட்டுக் குனிந்து, மோடாவுக்கு அடியில் இருந்த சுக்குவை வாரி எடுத்து நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். அவன் இதயம் அவள் கையில் அடித்தது. பழைய துணியின் வாசனை, அவனுடைய வாசனை. அவனேதான். கேட்டுக்கு ஓடி ஒற்றைக் கையால் அதைப் பிடித்து உலுக்கினாள்.

"மாமி. கதவைத் திறங்க மாமி."

சந்தில் ஆள் நடமாட்டம் இல்லை. எதிர் வீட்டு ஜன்னல்கள் மழைக்குச் சாத்தியிருந்தன. முதுகுக்குப் பின்னால் மூன்று டிக், ஓர் இழுப்பு. இரண்டாவது அறைக்கு வந்துவிட்டது. மூன்று டிக், ஓர் இழுப்பு. அத்தோடு ஒரு மூச்சும் கேட்டது. வயதான நாய் வாயைத் திறந்துகொண்டு விடும் மூச்சு, தொண்டையில் லேசான கரகரப்போடு. சுக்குவுக்குப் போன குளிர்காலத்தில் வந்த கரகரப்பு அது.

பின்பக்கம் ரயில் வந்தது. வீடே அதிர்ந்தது. சுக்கு கையில் திமிறினான். அவன் இவ்வளவு பலமாகத் திமிறி அவள் பார்த்ததில்லை. நகம் தோளில் கிழித்தது, கைபேசி விழுந்தது, அவன் விழுந்தான். இருட்டில் ஓடும் சத்தம். ஒருவன் ஓடுகிற சத்தம் இல்லை. உருளும் சத்தம், பல்லும் பல்லும் மோதும் சத்தம், ஒரு சின்ன ஊளை. ரயில் போய்விட்டது. எல்லாம் அடங்கிவிட்டது.

வாசுகி தரையில் தடவிக் கைபேசியை எடுத்தாள். கூப்பிடக் கூடாது என்று உள்ளே ஏதோ சொன்னது. கூப்பிடாமல் எப்படி? அவன் அங்கே இருட்டில் இருக்கிறான்.

"சுக்கு," என்றாள். "வா."

வந்தார்கள்.

வெளிச்சத்தின் விளிம்பில் முதலில் ஒரு முகம் தெரிந்தது. நரைத்த மோவாய், நுனி கிழிந்த இடது காது. அதற்கு நான்கடி தள்ளிச் சுவரோரத்தில் இன்னொரு முகம். நரைத்த மோவாய், நுனி கிழிந்த இடது காது. இரண்டும் பின்னங்காலை ஒரே மாதிரி தூக்கி வைத்திருந்தன. இரண்டின் கழுத்திலும் பட்டை இல்லை. அவள்தான் கழற்றியிருந்தாள்.

வாசுகி வெளிச்சத்தை ஒன்றிலிருந்து மற்றதுக்குத் திருப்பினாள்.

படியில் செருப்புச் சத்தம் கேட்டது. கேட்டுக்கு வெளியே மாமி எமர்ஜென்சி விளக்கோடு வந்து நின்றாள். கம்பிகளின் வழியே உள்ளே பார்த்தாள். ஒன்றைப் பார்த்தாள், மற்றதைப் பார்த்தாள், வாசுகியை ஒரு தரம் பார்த்தாள். மாமியின் முகத்தில் பொல்லாத்தனம் எதுவும் இல்லை. நெடுநாள் நோயாளியைப் பார்த்துக்கொண்டவளின் அலுப்புத்தான் இருந்தது. சாவியைப் பூட்டில் நுழைத்து, கேட்டை ஒரு முழ அகலத்துக்கு மட்டும் இழுத்துப் பிடித்துக்கொண்டாள்.

"ஒண்ணைக் கூட்டிண்டு போ."

"மாமி, எது... எது என்னோடது?"

"எனக்குத் தெரியுமா? நீ வளத்தவ."

"இது என்ன மாமி?"

"என்னன்னு தெரிஞ்சா நான் ஏன் முப்பது வருஷமா இதோட கெடக்கறேன்." மாமியின் குரல் தணிந்தது. "அதுக்கு வெளியில போகணும். தனியாப் போக வராது. யாராவது தூக்கிண்டு போகணும். மார்ச்ல காலி பண்ணினவா தன்னோடதையே சரியா எடுத்துண்டு போயிட்டா. இது நாலு மாசம் அழுதுது. என்னால கேக்க முடியலம்மா."

"ரெண்டையும் கூட்டிட்டுப் போறேன்."

"கூட்டிண்டு போயேன். ராத்திரி எது உன் பக்கத்துல படுத்துக்கறதுன்னு பாத்துண்டே தூங்கு." மாமி தெருவைத் திரும்பிப் பார்த்தாள். "சீக்கிரம். என்னால ரொம்ப நேரம் கேட்டைப் பிடிச்சுண்டு நிக்க முடியாது."

வாசுகி மண்டியிட்டாள். சுவரோரம் இருந்தவன் அவளைப் பார்க்கவில்லை. இன்னொன்றின் மேல் வைத்த கண்ணை எடுக்காமல், முதுகைச் சுவரில் அழுத்திக்கொண்டு, சிறுநீர் விட்டுக்கொண்டு நின்றான். முன்னால் இருந்தவன் அவளையே பார்த்தான். அவள் முகத்தைத் தவிர உலகத்தில் வேறு எதுவும் இல்லை என்கிற மாதிரி பார்த்தான். அவள் இரண்டு கையையும் நீட்டினாள்.

"சுக்கு. வா."

முன்னால் இருந்தவன் வாலை ஆட்டிக்கொண்டு, நொண்டி நொண்டி நேராக வந்து அவள் உள்ளங்கையில் மோவாயை வைத்தான்.

நான் கூப்பிட்டால்தான் வருவான். வந்துவிட்டான். அவள் அவனை வாரி எடுத்துக்கொண்டு அந்த ஒரு முழச் சந்தில் உடம்பை நுழைத்து வெளியே வந்தாள். பின்னால் கேட் இழுபட்டது. பூட்டு விழுந்தது. அப்போதுதான் உள்ளே இருந்தது குரைத்தது. ஒரே ஒரு தடவை. பிறகு அழ ஆரம்பித்தது. "அழாதேடா ஷோனா, அழாதே," என்று மாமி சமாதானம் சொல்லும் குரலும் சேர்ந்து கேட்டது. வாசுகி ஒரு காதைத் தோளில் அழுத்தி மூடிக்கொண்டு ஓடினாள். அது நாய் இல்லை, அது நாய் இல்லை என்று சந்து முனை வரை சொல்லிக்கொண்டே ஓடினாள். முனை திரும்பிய பிறகும் அந்த அழுகை கேட்டது. சுக்குவே அழுகிற மாதிரி அழுதது.

ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு டோட்டோ நின்றது. பேட்டரி ரிக்ஷா. மழைக்கு பிளாஸ்டிக் திரையை இறக்கிவிட்டிருந்தார்கள். ஏறி உட்கார்ந்து, நாயை மடியில் போட்டுக்கொண்டு, போக வேண்டிய இடத்தைச் சொன்னாள். வண்டி கிளம்பியதும் அவளுக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. குனிந்து அவன் நெற்றியில் நெற்றியை வைத்தாள். வீடு வேண்டாம். வேலை வேண்டாம். நாளைக்கே திண்டுக்கல்லுக்கு, ஊருக்கே, டிக்கெட் போட்டுவிடலாம். இவன் இருந்தால் போதும்.

"ஒண்ணுமில்லடா. வீட்டுக்குப் போயிரலாம்."

அவன் அசையாமல் கிடந்தான். அவள் விரல்கள் அவன் தொண்டைக்கு அடியில் தடவிக்கொண்டிருந்தன, அவனுக்குப் பிடித்த இடத்தில். தெரு விளக்குகள் திரையில் மங்கலாக வந்து வந்து போயின. அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே பார்த்தபடி, பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

ஓட்டுநர் கண்ணாடியில் அவளைப் பார்த்தான். "தீதி, ஏதாவது சொன்னீர்களா?" என்று வங்காளத்தில் கேட்டான்.

இல்லை என்று தலையை ஆட்டினாள்.

அவள் விரல்களுக்கு அடியில் தொண்டை அதிர்ந்தது. வாய் திறக்கவில்லை. கண்கள் அவளையே பார்த்துக்கொண்டிருந்தன. மிக மெதுவாக, அவளுடைய குரலில், திண்டுக்கல் இழுவை மாறாமல், அது இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தது.

"வீட்டுக்குப் போயிரலாம்."